கோனைக் கழுவினீங்களா சார்?

டிப்ளமோ முடித்து சைட்டில் சேர்ந்து மூன்றாவது வாரம். தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடி, இரண்டாம் தளத்துக்கு ஸ்லாப் காங்கிரீட். எம்25 என்ற வலிமைத் தரம். ஸ்லம்ப், அதாவது கோன் வடிவ அச்சில் கலவையை நிரப்பி அச்சைத் தூக்கினால் அது எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு, 100 மில்லிமீட்டர் வரவேண்டும், 25 கூடக்குறைய இருக்கலாம் என்று பேச்சு. முதல் கலவை வண்டி வந்ததும், அதன் சூட்டில் (கலவை வழிந்து விழும் சரிவுத் தகரம்) முதலில் விழுந்ததையே தட்டில் பிடித்தேன். கோனில் அடுக்கடுக்காக நிரப்பி, அடுக்குக்குக் கம்பியால் 25 குத்து, எண்ணிக்கை தப்பவில்லை. கோனைத் தூக்கிப் பக்கத்தில் கவிழ்த்து, மேலே கம்பியைக் குறுக்கே வைத்து அளந்தால் 45 மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டேன். 6 கன மீட்டர் சரக்கு. டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வயதான மேஸ்திரி ஒருவர் வந்து கோனுக்குள் விரலை விட்டுத் தடவினார். "கோனைக் கழுவினீங்களா சார்?" முந்தின நாள் சிமெண்ட் பால் உள்ளே திட்டுத்திட்டாகக் காய்ந்து சொரசொரவென்று இருந்தது. நான் நனைக்கவும் இல்லை. அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்ட கலவை ஒழுங்காக எங்கே இறங்கும்? போதாக்குறைக்கு முதலில் விழுந்ததில் ஜல்லிதான் அதிகம். நடுவில் எடுக்கவேண்டும் என்று படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்!

டிரம்மைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டு, ஓரளவு கொட்டியபிறகு, கழுவின ஈரக்கோனில் மறுபடி எடுத்தோம். 95. டிரைவருக்கு டீ என் செலவு.

---

உங்கள் கதைக்கு எனக்கு நேர்மாறு. மே மாத வெயில், வண்டி டிராஃபிக்கில் மாட்டி வந்தது. சலானில் ஏற்றிய நேரத்தைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி ஆகியிருந்தது. ஸ்லம்ப் 60. பைப் அடைக்கும் என்று பம்ப் ஆபரேட்டர் கத்துகிறார். நான் கலவை பிளாண்டுக்குப் போன் போட்டு, அட்மிக்சர் (தண்ணீர் சேர்க்காமலே கலவையை இளக்கும் ரசாயனம்) கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் வண்டித் தண்ணீரை டிரம்முக்குள் திறந்துவிட்டார். அப்புறம் கோனைத் தூக்கினால் சாம்பார் சாதம் மாதிரி படர்ந்தது, ஓரத்தில் தண்ணீர் தனியாக ஓடியது. 60-ஐ அட்மிக்சர் போட்டு மீட்டிருக்கலாம். ஊற்றின தண்ணீரை எப்படி எடுப்பது? திருப்பி அனுப்பினோம். அடுத்த வண்டி வருவதற்குள் போட்டது இறுகி, புதியது அதோடு ஒட்டாமல் கோல்ட் ஜாயிண்ட் விழுந்துவிடுமோ என்று, போட்ட காங்கிரீட் ஓரத்தில் ஈரச்சாக்கைப் போட்டுக் காவல் இருந்தது தனிக்கதை.

---

நீங்கள் எல்லாம் பெரிய சைட். எங்கள் ஊரில் வீடு கட்டும்போது கோனைக் கண்ணால் பார்த்ததில்லை, எல்லாம் குடக்கணக்கு. 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்கு, மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகவிடாதே என்று மாமா சொல்லியிருந்தார். குடம் 15 லிட்டர், ஆக இரண்டு. கான்கிரீட் போட்ட முதல் நாள் சரியாக வந்தது. அன்று ராத்திரி நல்ல மழை. மறுநாளும் அதே இரண்டு குடம்தான், ஆனால் மிக்சரிலிருந்து கூழாகக் கொட்டியது. மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன். அவர் மணலை ஒரு பிடி அள்ளிப் பிழிந்து, உள்ளங்கை ஈரத்தைக் காட்டினார். அடுத்த கலவைக்கு இரண்டாவது குடத்தில் பாதியைக் கீழே ஊற்றிவிட்டு, "மணலே குடிச்சிட்டுத்தான் வந்திருக்கு தம்பி" என்றார்.