கேதார்காந்தா டிசம்பர் முகாமில் குடிதண்ணீருக்கு என்ன வழி?

டிசம்பர் கடைசியில் உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலைக்குப் போகிறோம். நாலு பேர், கூடாரம், அடுப்பு எல்லாம் சொந்தம். ஓடை உறைந்து கிடந்தால் பனியை அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாமா?

பதில் 1: வேண்டாங்க, உடம்புச் சூடு போய்விடும். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அப்புறம் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உருக்குங்கள், இல்லையென்றால் தீய்ந்த வாடை அடிக்கும். புதுப் பனி பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் தேறினாலே பெரிது, பனிக்கட்டி கிடைத்தால் அதுதான் லாபம். கேஸ் கூடுதலாக வேண்டும்.

பதில் 2: அந்த உயரத்தில் 3 நிமிடம் கொதிக்கட்டும். ராத்திரி பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேலிருந்துதான் உறையும்.

பதில் 3: ஃபில்டரைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஒருமுறை உறைந்தது, தூக்கித்தான் போட்டேன்.