வெள்ளத்துக்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா? மனுவில் அந்த வரி இருக்கலாமா?

வெண்ணாற்றங்கரை:

விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க எங்கள் பகுதியில் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். வடிகால் ஆறுகளை அகலப்படுத்த வேண்டும், மதகுகளைப் புதுப்பிக்க வேண்டும் என்பது கோரிக்கை. முதல் பத்தியை நான் எழுதினேன்: "காலநிலை மாற்றத்தால் டெல்டாவில் பெருமழையும் பருவம் தப்பிய மழையும் கூடிவிட்ட நிலையில்..." இந்த வரியை எடுத்தால்தான் கையெழுத்து என்று ஊரில் பாதிப் பேர் நிற்கிறார்கள். இங்கே எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

என் கணக்கு இது. 2016ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல். 2021 ஜனவரியில், பொங்கல் நேரத்தில் பெய்த மழையில் சம்பா போயிற்று. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. அது புயல்கூட இல்லை, காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிதான். அடுத்து 2023 பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடியும் அறுவடை மழை.

அந்தப் பிப்ரவரி மழையில் எங்கள் வயலில் கதிர் தண்ணீரிலேயே படுத்துவிட்டது. இரண்டொரு நாளில் கதிரில் இருந்த நெல்லே வெள்ளையாக முளைவிட்டிருந்தது. டயர் வைத்த அறுவடை வண்டி சேற்றில் இறங்காது, பெல்ட் வைத்த வண்டிக்கு வரிசையில் நின்றோம். அறுத்துக் கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17ஐத் தாண்டக்கூடாது. மாநிலம் 22 கேட்டது, ஒன்றிய அரசு 20 வரை தளர்த்தியது. அந்த வாரம் டெல்டாவில் எந்த வயல் நெல் 20ல் இருந்தது?

கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை என்பார்கள். அந்தக் கணக்கை நம்பித்தான் சம்பாவுக்கு நாள் வைத்தோம். இப்போது தை, மாசியிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

கடைமடைக்காரன்:

தம்பி, உங்கள் நஷ்டம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வரியை எடுங்கள் என்பவர்களில் நானும் ஒருவன்.

நாகப்பட்டினத்துக்குப் புயல் புதிதா? 1952ல் வந்தது, 1955ல் வந்தது, 1977 நவம்பரில் வந்து நூற்றுக்கணக்கான பேரைக் கொண்டுபோனது. காவிரி வெள்ளம் என்றால் 1924ஐ இன்றைக்கும் பேசுகிறார்கள். மழை என்றால் 2008ல் நிஷா புயலில் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. பெய்தது, உங்கள் சீர்காழிக் கணக்கைவிட அதிகம். டெல்டா என்பதே வெள்ளம் கொண்டுவந்து போட்ட மண்தானே?

இன்னொன்று. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எல்லோரும் காலநிலை மாற்றம் என்றார்கள். அப்புறம், இந்த மாதிரிப் பெருமழைகளில் காலநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் குழுவின் விஞ்ஞானிகளே ஆராய்ந்துவிட்டு, அந்த மழையில் புவி வெப்பமாதலின் பங்கு தெரியவில்லை என்று எழுதினார்கள். நான் சொல்லவில்லை, அவர்கள் சொன்னது.

என் பெரிய கவலை வேறு. எங்கள் வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் கரைக்குக் கரை அடைத்துக் கிடக்கின்றன. அதன் ஒரு கிளையை ஊரே சேர்ந்து சுத்தம் செய்தோம். அடுத்த மழையில் அந்தக் கிளையை ஒட்டிய வயல்களில் மறுநாளே வரப்பு தெரிந்தது. மற்ற பக்கத்தில் பயிர் அழுகும்வரை தண்ணீர் நின்றது. அதே மேகம், அதே மழை. இதைச் சொல்லிக் கேட்கப் போனபோது அலுவலகத்தில் இருந்தவர், "பெரியவரே, உலகமே மாறிக்கிட்டு இருக்கு, நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார். அந்தப் பதிலை நாமே மனுவில் எழுதிக் கொடுக்க வேண்டுமா?

மன்னை டீச்சர்:

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஐயா சொன்ன சென்னை ஆய்வு உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வங்கக் கடலின் மேற்குப் பகுதியில் அதுவரையிலான சில பத்தாண்டுகளில் கடல் வெப்பம் பெரிதாக ஏறவில்லை. காற்றில் கலந்த புகையும் தூசும் வெயிலைத் தடுத்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆக, அந்த ஒரு மழைக்குக் கிடைத்த விடை அது. எல்லா மழைக்கும் அதுவே விடை ஆகாது.

அவர்கள் வேலை செய்யும் விதம் இப்படி. மனிதன் கரியமில வாயுவைக் கொட்டாத ஒரு பூமியைக் கணினியில் உருவாக்குகிறார்கள், இப்போதைய பூமியையும் உருவாக்குகிறார்கள். பழைய மழைப் பதிவுகளையும் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட அளவு மழை இரண்டிலும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று பார்க்கிறார்கள். "இந்தப் புயலைக் காலநிலை மாற்றம் உண்டாக்கியதா?" என்பது அவர்கள் கேள்வியே இல்லை. எவ்வளவு கூட்டியது, வாய்ப்பு எத்தனை மடங்கு ஆனது என்பதுதான் கேள்வி. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு வந்ததே, அந்த மழை சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது என்று இதே குழுதான் கணக்கிட்டது. வயநாடு நமக்குத் தூரம் இல்லை. கபினி அங்கிருந்துதான் இறங்குகிறது, அந்தத் தண்ணீர்தான் மேட்டூருக்கு வருகிறது.

அடிப்படை இயற்பியல் எளிது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். பூமி ஏற்கனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது, அதற்கு மனிதன்தான் காரணம் என்பதில் சந்தேகமே இல்லை என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021 அறிக்கையில் எழுதிவிட்டது. பெருமழை இன்னும் கனமாகிறது என்பதில் உறுதி அதிகம். புயல்களின் எண்ணிக்கை கூடுகிறது என்று அதே அறிக்கை சொல்லவில்லை, கடும்புயல்களின் பங்கு கூடும் என்றுதான் சொல்கிறது. அதனால் வெண்ணாற்றங்கரை, உங்கள் பட்டியலில் 2016 வறட்சியை எடுத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஆண்டுக்கு ஆண்டு தானாகவே பெரிதாக ஏறி இறங்கும். ஒரு ஆண்டைக் காட்டி நிரூபிக்க முடியாது. வேறு சிலர் சுனாமியையும் இதில் சேர்க்கிறார்கள். 2004ல் நாகையில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது கடலடி நிலநடுக்கம். அதற்கும் காலநிலைக்கும் சம்பந்தமே இல்லை.

கடைமடைக்காரன்:

டீச்சர், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 10 சதவீதம் என்றே வைப்போம். அப்படியானால் கார்பன் புகையே இல்லாத உலகத்தில் சீர்காழியில் 44க்குப் பதில் 40 செ.மீ. பெய்திருக்கும். 40 செ.மீ. பெய்தாலும் பயிர் முழுகித்தான் போகும். மீதி நாலு செ.மீ.க்காக மனுவின் முதல் வரியா?

முத்துப்பேட்டை தென்னை:

ஐயா, நான் கஜாவில் தோப்பை இழந்தவன். விடிந்து பார்த்தபோது பாதி மரங்கள் வேரோடு கிடந்தன, நின்ற மரங்களில் குருத்து திருகிப் போயிருந்தது. குருத்து போன தென்னை நின்றாலும் செத்த மரம்தான். நெல் என்றால் அடுத்த பட்டத்தில் மறுபடி விதைக்கலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கேட்டுப் பாருங்கள், தென்னங்கன்று காய்க்க எத்தனை வருஷம் என்று சொல்வார்கள்.

யார் காரணம் என்று தெரிந்தால்தானே யாரிடம் கேட்பது என்று தெரியும்? 2022 நவம்பரில் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி வைக்க ஒப்புக்கொண்டார்கள். சீர்காழி மூழ்கிய அதே மாதம். புகையை அதிகம் விட்ட நாடுகள் பொறுப்பேற்க வேண்டும் என்று பல வருஷம் போராடி வாங்கியது அது. நாம் மட்டும் "இது எப்போதும் வருவதுதான்" என்று எழுதிக் கொடுத்தால் எப்படி?

கடைமடைக்காரன்:

தம்பி, அந்த நிதி தலைஞாயிறுக்கு வரும் வழியை எனக்குக் காட்டுங்கள், நானே வரியை எழுதித் தருகிறேன். நமக்குக் கைக்கு வருவது மாநிலப் பேரிடர் நிவாரணமும் பயிர்க் காப்பீடும்தான். நிவாரணத்துக்கு 33 சதவீதம் சேதம் என்று காட்ட வேண்டும். அங்கே யாரும் கார்பனைக் கேட்பதில்லை, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலைத்தான் கேட்கிறார்கள்.

நெல் வயலில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது என்று எங்களையே குற்றவாளி ஆக்கும் பேச்சும் இருக்கிறது. அந்த வரியை எழுதினால் நாளைக்கு அதே வரியை வைத்து நெல்லைக் குறை என்பார்கள்.

கோடிக்கரை:

மீன்பிடிக்கிறவன் நடுவில் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடப்பாறு, வெள்ளையாறு, வேட்டாறு எதுவானாலும் கடைசியில் எங்கள் பக்கம்தான் வந்து சேர வேண்டும். மழைக் காலத்தில் கொண்டல் காற்று பலமாக அடிக்கும்போது கடல் ஏறி நிற்கும், ஆற்றுத் தண்ணீரை வாங்காது. நீங்கள் மேலே எவ்வளவு தூர்வாரினாலும் முகத்துவாரத்தில் தண்ணீர் அப்படியே நிற்கும். முன்பு படகு கட்டிய இடங்கள் சில இப்போது கடலுக்குள் இருக்கின்றன. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடப்பதும், வடிகால் ஓரம் இறால் பண்ணைக்குக் கரை போட்டதும் உண்டு. எல்லாம் சேர்ந்துதான்.

மதகடி:

நீர்ப்பாசன வேலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "மீதி நாலு செ.மீ." என்று கடைமடை ஐயா கேட்டாரே, இந்த விவாதத்தில் அதுதான் சரியான கேள்வி. யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஒரு வடிகாலுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அந்த அளவு வரை கரை தாங்கும். அதற்கு மேல் வரும் தண்ணீர் முழுவதும் வெளியேதான் போக வேண்டும், எங்கே கரை பலவீனமோ அங்கே உடைக்கும். 40 வந்தபோது விளிம்பில் நின்ற கரை, 44 வந்தால் பத்தில் ஒரு பங்கு மட்டும் உடைவதில்லை. அதனால் மழை 10 சதவீதம் கூடினால் சேதமும் 10 சதவீதம் கூடும் என்று நினைக்கக் கூடாது. பல இடங்களில் சேதமே இல்லாமல் தப்பித்ததற்கும் முழுசாகப் போவதற்கும் அந்த 10தான் இடைவெளி.

இரண்டாவது, கோடிக்கரைத் தம்பி சொன்னது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியிருக்கிறது. மலைநாட்டில் 20 செ.மீ. ஒன்றுமில்லை. கடைமடையில் பல இடங்களில் தரை கடல்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர்தான் மேலே. வாட்டமே இல்லாத இடத்தில் வடிகால் முடியும் மட்டம் 20 செ.மீ. உயர்ந்தால், வெள்ளம் வடிய எடுக்கும் நேரம் நீளும். பயிர் சாவது தண்ணீர் வந்ததால் அல்ல, நின்றதால்.

தூர்வாருவது என்றால் பழைய குறுக்களவுக்கு, அதாவது பழைய அகலத்துக்கும் ஆழத்துக்கும், திரும்பிப் போவது. அந்தக் குறுக்களவு பழைய மழைக் கணக்கை வைத்துப் போட்டது. மழை மாறவில்லை என்று மனுவில் எழுதினால், பழைய அளவே போதும் என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகும். காலநிலை மாற்றம் என்பது அதிகாரிக்குச் சாக்காகும் என்று ஐயா பயப்படுகிறார். வடிகாலை எவ்வளவு அகலமாக வெட்ட வேண்டும் என்ற கேள்வியோடு சேர்த்து எழுதினால் அது சாக்காக முடியாது, கூடுதல் வேலையாகத்தான் ஆகும்.

கட்டுமானத்தின் பங்கையும் மறைக்க வேண்டாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஆர்தர் காட்டன் 1836ல் அணை கட்டிய இடம் அது. அதற்குக் கார்பனைக் காரணம் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

கடைமடைக்காரன்:

சார், இது ஏற்கும்படியான பேச்சு. ஆனால் கடல்மட்டக் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கொள்ளிடத்தில் மணலை அள்ளினார்கள், மேலே அணைகள் வண்டலைப் பிடித்துக்கொண்டன, நிலத்தடி நீரை ஆழ்குழாய் போட்டு உறிஞ்சுகிறோம். புது வண்டல் வராத டெல்டா தானே தாழும். உப்பு உள்ளே வருவதற்கு அதுவும் காரணம். அதைச் செய்தது எந்த அமெரிக்காக்காரன்? எல்லாவற்றையும் வானத்தின் மேல் போட்டால் கீழே திருடியவன் தப்பித்துவிடுவான்.

மன்னை டீச்சர்:

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், ஐயா. நிலம் தாழ்வதும் கடல் ஏறுவதும் ஒன்றோடு ஒன்று கூடும். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடாது.

1977ஐயும் கஜாவையும் ஒப்பிடும்போது இதையும் பாருங்கள். கஜாவுக்கு முன்பே பல்லாயிரம் பேரை முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அதனால் சாவு குறைந்தது. சாவு குறைந்ததை வைத்துப் புயலின் பலத்தை அளக்க முடியாது.

வெண்ணாற்றங்கரை:

சரி, முதல் பத்தியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: "பெருமழையின் தீவிரம் கூடிவருவதாலும் கடல்மட்டம் உயர்ந்துவருவதாலும், வடிகால்களைப் பழைய அளவுக்குத் தூர்வாருவது மட்டும் போதாது. சீர்காழியில் 2022ல் பெய்த மழையை அடிப்படையாகக் கொண்டு வடிகால்களின் குறுக்களவையும் மதகுகளின் திறப்பையும் மறுகணக்கிட வேண்டும். மணல் அள்ளுவதையும் வடிகால் ஆக்கிரமிப்பையும் நிறுத்த வேண்டும்." 2016ஐ எடுத்துவிட்டேன். காலநிலை மாற்றம் என்ற பெயர் அடுத்த வரியில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அதை எடுக்க மாட்டேன். அது நடக்கிறது, நம் வயலில் நடக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைமடைக்காரன்:

மறுகணக்கு எடுக்கிறோம் என்று சொல்லியே நாலைந்து வருஷம் ஓட்டுவார்கள். எனக்குத் தெரியும். மேட்டூர் ஜூன் 12 திறப்பதற்கு முன்னால் முகத்துவாரம் வரை தூர்வாருவதை முதல் கோரிக்கையாகப் போடுங்கள். ஆறுகளோடு சி, டி என்று சொல்லும் சிறு கிளை வாய்க்கால்களும் சேர வேண்டும். உங்கள் பத்தி அதற்குக் கீழே போகட்டும். அப்படியென்றால் கையெழுத்துப் போடுகிறேன். பிப்ரவரி மழைக்குக் கார்பன்தான் காரணம் என்று நான் இன்னும் ஏற்கவில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன்.

மதகடி:

தூர்வாருவது முதலில் என்பது சரியே. மனுவோடு ஒன்றை இணைக்க வேண்டும். உங்கள் வடிகாலின் இப்போதைய அடி அகலம், மேல் அகலம், ஆழம் மூன்றையும் நாலு இடத்தில் அளந்து தாருங்கள். செடி அடைத்த இடத்தையும் சுத்தம் செய்த இடத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். 44 செ.மீ. மழைக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு இங்கேயே பதிவிடுகிறேன்.

கடைமடைக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை அளக்கிறோம். கோடிக்கரைத் தம்பி, முகத்துவாரப் பக்கம் நீங்கள் வர முடியுமா?