மறு: சாளரம் விட்டு விட்டு ஓடுவதற்கு ஒரு சொல்: 'தத்தல்'

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்திய பிறகு சாளர (விண்டோ) அசைவுகள் விட்டு விட்டு ஓடும் கோளாறுக்கு (ஆங்கிலத்தில் 'ஸ்டட்டர்') நம் தமிழாக்கத்தில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் இதுவரை மந்தம், திக்கல், வெட்டல், தடங்கல், நடுக்கம் ஆகியவை வந்திருக்கின்றன. என் முன்மொழிவு: தத்தல், அதாவது தாவித் தாவிப் போவது. வினையாக, 'சாளரம் தத்துகிறது'.

> மந்தம் என்றே போட்டுவிடலாமே. பயனருக்குப் புரிந்தால் போதாதா?

ஐயா, இருக்கிற சொற்களில் மிகவும் கெடுதலானது இதுதான் என்பேன். மந்தம் என்றால் வேலை முடிய நேரமாகிறது என்று பொருள். இந்தக் கோளாறில் வேலை நேரத்துக்கே முடிந்துவிடுகிறது.

60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆக ஒரு சட்டகத்தை, அதாவது திரையில் வரும் ஒரு படத்தை, வரைந்து முடிக்க 16.7 மில்லிநொடிதான் கெடு. கால் நொடியில் ஒரு சாளரம் சுருங்கிக் கீழே போக 15 சட்டகங்கள் வேண்டும். ஒவ்வொரு சட்டகத்திலும் சாளரம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நிரல் கடிகாரத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. ஒரு சட்டகம் கெடுவைத் தவறவிட்டால் பழைய படமே இன்னொரு 16.7 மில்லிநொடி திரையில் நிற்கும். அடுத்தது வரையப்படுவதற்குள் கடிகாரம் நகர்ந்திருக்கும். எனவே சாளரம் நடுவிலிருக்கும் இடத்தைத் தொடாமலேயே அதற்கடுத்த இடத்தில் போய் நிற்கும். கால் நொடியில் சேர வேண்டியது கால் நொடியில் சேர்ந்தேவிடும், வழியைத்தான் தாண்டித் தாண்டிக் கடந்திருக்கும்.

இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் குபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற்றிய டெஸ்க்டாப் ஒன்றைப் பார்க்கப் போனேன். அங்கிருந்த அம்மணி தெளிவாகத்தான் சொன்னார்: "ஜன்னலைச் சுருக்குனா சொய்யின்னு போகறதில்லீங்க, அங்கொண்ணு இங்கொண்ணா நின்னு நின்னு போகுது." அதைக் கணினிக் கடைக்காரரிடம் போனில் சொன்னவர் 'சிஸ்டம் ஸ்லோ' என்று சுருக்கிவிட்டார். உடனே கூடுதல் ராம் போட்டுவிட்டார்கள். காசு போனதுதான் மிச்சம், கோளாறு அப்படியே இருந்தது.

கைப்பேசியில் 240 சட்டக வேகத்தில் ஒரு மெதுவோட்டக் காணொளி எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தோம். 60 ஹெர்ட்ஸ் திரையில் சாளரம் ஒவ்வொரு இடத்திலும் நான்கு படங்களுக்கு நிற்க வேண்டும். சில இடங்களில் எட்டுப் படம் நின்றது, ஓரிடத்தில் பன்னிரண்டு. கெடு தவறியது கண்ணெதிரே தெரிந்தது. (யாரிடமாவது இந்தக் கோளாறு இருந்தால் இதைச் செய்து பாருங்கள். நொடிக்கு இத்தனை சட்டகம் என்ற சராசரி எண் இதைக் காட்டாது. 57 வந்தாலும், விட்டுப்போன மூன்றும் அடுத்தடுத்து இருந்தால் கண்ணில் உறுத்தும்.)

காரணம் வேறெங்கோ இருந்தது. அமைப்புகளில் 'இந்தக் கணினி பற்றி' பக்கத்தைத் திறந்தால், வரைகலைச் செயலி என்ற வரியில், அதிலிருந்த வரைகலை அட்டையின் தயாரிப்பாளரான என்விடியா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. திரையில் தெரியும் அத்தனையையும் வரைகலை அட்டையை விட்டுவிட்டு மையச் செயலியே வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேம்படுத்தியபோது புதுக் கருனிக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்விடியா இயக்கி, அதாவது அட்டையை வேலை செய்ய வைக்கும் நிரல், மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் செக்யூர் பூட் (நம்பத்தகாத நிரல் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில், இயக்கியில் இட்ட கையொப்பத்தின் சாவியை நாம் ஒப்புக்கொண்டால்தான் கருனி அதை ஏற்றும். அதற்குத்தான் மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வந்து கேட்கும். "அது வந்துச்சுங்க. எதுக்கு வம்புன்னு தொடரு பட்டனை அமுத்திட்டேன்" என்றார் அவர். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். என்ன கேட்கிறது என்று தமிழில் ஒரு வரி கிடையாது. இயக்கியை மறுபடி நிறுவி, கடவுச்சொல் வைத்து, மறுதொடக்கத்தில் சாவியைப் பதிவு செய்ததும் சாளரம் வழுக்கிக்கொண்டு போனது.

விண்டோஸில் மேம்படுத்திய பின் இதே கோளாறு வந்தால் சாதன மேலாளரைத் திறந்து பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் அதுவும் இதே கதைதான், தயாரிப்பாளரின் இயக்கி ஏறவில்லை. அசைவூட்டத்தை அணைத்துவிடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். அணைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆனால் மற்ற எல்லாவற்றையும் மையச் செயலியேதான் வரைந்துகொண்டிருக்கும்.

இனி மற்றச் சொற்கள். வெட்டல் ஒத்துவராது. தொகுப்புப் பட்டியில் 'வெட்டு, நகலெடு, ஒட்டு' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. தடங்கல் மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் போய்விட்டது, முழுதாக நின்றுபோவதைத்தான் அது சொல்லும். நடுக்கம் ஒரே இடத்தில் ஆடுவது, அதை வேறொன்றுக்கு வைத்துக்கொள்வோம். திக்கலில் எனக்கிருக்கும் தயக்கம் வேறு. திக்கிப் பேசும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பொருளுள்ள சொல்லையே வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நாமும் ஒரு பழுதுக்கு அவர்கள் பேச்சின் பெயரை வைக்க வேண்டியதில்லை.

> தத்தல் என்று யார் பேசுகிறார்கள்? 'தத்தித் தத்தி நடக்கும் குழந்தை' என்று கதையில் படித்ததோடு சரி.

ஈரோட்டுத் தம்பிக்கு: உங்கள் பக்கத்துப் பருத்திக் காட்டில் கேட்டுப் பாருங்கள். தத்துப்பூச்சி என்ற பெயர் தெரியாத விவசாயி இருக்கமாட்டார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பாதுகாப்புக் குறிப்புகளிலும் அதே பெயர்தான், நெல்லுக்குப் பச்சைத் தத்துப்பூச்சி என்றும் உண்டு. இலையைத் தொட்டால் வளர்ந்த பூச்சி தத்திவிடும். இங்கே இருந்தது அங்கே இருக்கும், நடுவில் எங்கேயும் காணமாட்டீர்கள். இயக்கி ஏறாத கணினியில் சாளரம் போவது அச்சாக அப்படித்தான். ஆராய்ச்சி நிலையமும் காடும் ஒரே சொல்லைப் புழங்குவது அரிது. அப்படி ஒன்று கையில் இருக்கும்போது புதிதாக ஒட்டுப்போட்டு ஏன் செய்ய வேண்டும்?

'ஸ்டட்டர்' என்றே தமிழ் எழுத்தில் எழுதலாம் என்ற யோசனைக்கும் பதில் சொல்ல வேண்டும். சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி 1916-இலேயே அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் நடத்தினார். கோவையில் ஜி.ஆர்.தாமோதரன் தொடங்கிய 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழிலேயே மாதாமாதம் கொண்டுவந்தது. டீசல், மோட்டார் போலப் பொருளோடு சேர்ந்து வந்த பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இது ஒரு பொருளின் பெயர் இல்லை, கண்ணால் பார்க்கும் ஒரு நடை. நடைக்குத் தமிழில் சொல் பஞ்சமே கிடையாது.

'தத்து' என்றால் பிள்ளையைத் தத்தெடுப்பது என்ற குழப்பம் வரலாம் என்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. அதனால்தான் வெறும் 'தத்து' வேண்டாம், பெயர்ச்சொல்லாகத் 'தத்தல்' மட்டும் என்கிறேன். 'தத்தலைக் குறை', 'தத்தலின்றி இயக்கு', 'கடந்த ஒரு நிமிடத்தில் 12 தத்தல்கள்' என்று அமைப்புச் சாளரத்தில் போட்டுப் பார்த்தேன், எங்கும் இடிக்கவில்லை. அடியில் இருக்கும் காரணத்தைத் 'தவறிய சட்டகம்' என்றே வைத்துக்கொள்வோம். நிரலாளருக்கு அது, பயனருக்கு இது. ஒரு சட்டகத்தின் மேற்பாதியும் இன்னொன்றின் கீழ்ப்பாதியும் ஒட்டித் தெரியும் கோளாறுக்குக் 'கிழிசல்' ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதை மறுபடி கிளற வேண்டாம்.

அடுத்ததாக, அந்த நீலத்திரையின் வரிகளைத் தமிழாக்குவதை யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா? தமிழ் எழுத்தே அங்கே சரியாக வருமா என்பதை முதலில் பார்க்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும், மேம்படுத்தும் முன் காட்டப்படும் நம் வெளியீட்டுக் குறிப்பில் இந்த ஒரு வரியையாவது சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்: 'மறுதொடக்கத்தில் நீலத்திரை வந்தால் தொடர வேண்டாம், சாவியைப் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் சாளரங்கள் தத்தக்கூடும்.'

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் திங்களன்று சொற்கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து