எஃப்-117 ஏன் அப்படி மூலைமூலையாக இருக்கிறது?

மாடிவீட்டுக்காரன்:
அமெரிக்காவின் எஃப்-117 போர் விமானத்தின் கறுப்புப் பூச்சுதான் ரேடாரை ஏமாற்றுகிறது என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அப்படியானால் 1999-ல் செர்பியாவில் எப்படிச் சுட்டு வீழ்த்தினார்கள்?

பழைய ரேடார்காரர்:
மைத்துனருக்குப் பாதி மதிப்பெண். பூச்சு அலையைக் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் பெரிய வேலை வடிவத்துக்குத்தான். நான் கப்பல் ரேடார் பழுது பார்த்தவன். சிறு படகுகளில் மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்துக் கட்டுவார்கள். அந்த மூலை அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். கையளவு தகரம் திரையில் பெரிய புள்ளியாகத் தெரியும். எஃப்-117 இதற்கு நேர் எதிர். சாய்ந்த தட்டைப் பரப்புகள் அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், ரேடாருக்குத் திரும்புவது துளிதான். என்ஜின் விசிறியும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் என்பதால் காற்று வாயில் சல்லடை வைத்தார்கள். வளைவு இல்லாததற்குக் காரணம் 1970-களின் கணினி. அலை எப்படித் தெறிக்கும் என்று தட்டையான பரப்புக்குத்தான் அதனால் கணக்குப் போட முடிந்தது. கணக்குக்கு அடிப்படையோ சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்செவ் 1962-ல் எழுதியது! யார் வீட்டு விதை, யார் தோட்டத்தில் காய்த்தது பாருங்கள்.

நீள்அலை:
மார்ச் 27 இரவு அதைக் கண்டது பழைய பி-18 ரேடார். அதன் அலைநீளம் சுமார் 2 மீட்டர். விமானப் பாகங்களின் அளவை அலை நெருங்கினால் சாய்வுத் தந்திரம் பலிக்காது. அப்புறம் செர்பியத் தரப்புத் தளபதி ஸோல்டான் டானியின் பிரிவு ஏவுகணையை விட்டது.

மாடிவீட்டுக்காரன்:
சரி, மைத்துனருக்கு அனுப்பினேன். 'பாதி மதிப்பெண்' வரை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்.