ஏரி ஆய்வில் தாவர மிதவை உயிரிகளோடு பாக்டீரியாவையும் சேர்த்துப் பார்ப்பது ஏன்?

கேள்வி: தாவர மிதவை உயிரிகள், அதாவது நீரில் மிதக்கும் நுண்ணிய பாசி போன்றவை, வெயிலை வைத்துத் தாங்களே உணவு செய்துகொள்கின்றன. அப்புறம் பாக்டீரியாவோடு என்ன உறவு?

பதில் 1: நெருக்கமான உறவு. அவை தயாரிக்கும் கரிமப் பொருளில் (கார்பன் அடங்கிய உணவுப் பொருள்) ஒரு பங்கு நீரில் கசிகிறது, அதைப் பாக்டீரியா தின்கிறது, பாக்டீரியாவை இன்னும் சற்றுப் பெரிய ஒருசெல் உயிரிகள் தின்கின்றன, அவற்றை மிதக்கும் சின்ன விலங்குகள் தின்ன, கசிந்த கார்பனில் கொஞ்சம் மீன் வரைக்கும் போய்ச் சேர்கிறது. 1983இல் ஃபரூக் அசாமும் சக ஆய்வாளர்களும் கடலை வைத்து இதை விளக்கினார்கள், ஏரிக்கும் பொருந்தும்.

பதில் 2: போட்டியும் உண்டு. இரண்டுக்கும் வேண்டிய சத்தான பாஸ்பரஸ் குறைந்த நீரில் இரண்டும் அதற்கே அடித்துக்கொள்ளும், உருவம் சிறியதால் பெரும்பாலும் பாக்டீரியாவின் கைதான் ஓங்கும். பாஸ்பரஸின் வலுவை அறிய, டேவிட் ஷிண்ட்லர் குழு 1973இல் கனடாவில் தொடங்கிய சோதனையைப் பாருங்கள். 226ஆம் எண் ஏரியைத் திரை போட்டுப் பிரித்து, இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும், ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் பாசி பெருகிப் பச்சையாகிவிட்டது! அந்தப் படம் எனக்கு இன்றும் பிரமிப்பு.

கேட்டவர்: சரி, நீலப்பச்சைப்பாசி எந்தக் கணக்கு?

பதில் 1: இரண்டிலும். பாக்டீரியாதான், ஆனால் மிதந்தபடி ஒளிச்சேர்க்கை செய்பவற்றைத் தாவர மிதவை உயிரிகளோடு எண்ணுகிறோம்.