ஒரு மாதத்தின் மழையையும் வெப்பநிலையையும் நூற்றாண்டுப் பதிவுகளோடு ஒப்பிடும் முறை குறித்து

வினா: தேரிக்காடு

வணக்கம். திருச்செந்தூர் வட்டாரத்து விவசாயிகள் குழு ஒன்றுக்காக, மாதந்தோறும் இங்கு பெய்த மழையையும் பதிவான வெப்பநிலையையும் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதித் தரும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். வேலையைத் தொடங்கும்போதே ஒரு குழப்பம். 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை பதிவானது. எங்கள் மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையை விட இது அதிகம். ஆனால் அந்தப் பருவம் முடிந்து வெளியான மாநிலக் கணக்கில் வடகிழக்குப் பருவமழை ‘இயல்பு’ என்ற பிரிவில்தான் இடம்பெற்றது. மண்சரிந்து கிடந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் ‘இயல்பு’ என்று எப்படிச் சொல்வது?

வெப்பநிலையிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஒரே ஆண்டைப் பற்றி இயல்பை விட இத்தனை பாகை அதிகம் என்று ஒவ்வோர் அறிக்கையும் வெவ்வேறு எண்ணைத் தருகிறது. எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: மழைக்கணக்கு

ஐயா, நீங்கள் குறிப்பிட்ட மாநிலக் கணக்கில் பிழையில்லை. அது விடை சொல்லும் கேள்வி வேறு, உங்கள் கேள்வி வேறு. இந்திய வானிலை ஆய்வுத் துறை தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் ஆகியவற்றை ஒரே உட்பிரிவாகக் கொண்டு, மாவட்டங்களின் மழையைப் பரப்பளவுக்கேற்பச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இயல்பு, அதாவது நீண்டகாலச் சராசரி, ஏறத்தாழ 44 செ.மீ. அதிலிருந்து 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் ‘இயல்பு’ என்றே வகைப்படுத்துவார்கள். ஆகவே தெற்கே இரண்டு மாவட்டங்கள் மூழ்கி, வேறு சில மாவட்டங்களில் மழை பொய்த்திருந்தாலும் சராசரி ஒன்றும் நடவாதது போலவே நிற்கும். மறுபக்கம் 2016ஐப் பாருங்கள். அந்தப் பருவத்தில் மாநில மழை இயல்பை விட 62 விழுக்காடு குறைந்தது. மாநிலம் முழுவதும் ஒருசேர வறண்டதால், அந்த ஆண்டில் சராசரியே முழுக் கதையையும் சொல்லிவிட்டது.

ஒரே ஊருக்கு, ஒரே மாதத்துக்கு விழுக்காட்டைப் பயன்படுத்தாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. சென்னையின் மார்ச் மாத இயல்பு ஒற்றை இலக்க மில்லிமீட்டர்தான். கோடையில் ஓர் இடிமழை 20 மி.மீ. கொட்டினால் ‘இயல்பை விடப் பல மடங்கு’ என்ற தலைப்புச் செய்தி வந்துவிடும். அந்த மழையில் ஏரிக்கு ஒரு குடம் நீர்கூடச் சேர்ந்திருக்காது. அந்த இயல்பு எப்படி வந்தது என்பதையும் யோசியுங்கள். 30 மார்ச் மாதங்களில் ஒன்றில் மட்டும் 120 மி.மீ. பெய்து, மற்ற 29 முற்றிலும் வறண்டிருந்தாலும் சராசரி 4 மி.மீ. என்றே வரும், ஆனால் அந்த 4 மி.மீ. எந்த மார்ச்சிலும் பெய்ததில்லை. மழைக்கு எப்போதும் சராசரியோடு இடைநிலை அளவையும் (எல்லா ஆண்டுகளையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் அளவு) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட மாதங்களில் இவ்விரண்டும் வெகு தூரம் விலகி நிற்கும்.

நான் பின்பற்றுவது தரவரிசை முறை. ஒரே மழைமானியில் பதிவான எல்லா டிசம்பர்களையும் குறைந்ததிலிருந்து மிகுந்தது வரை அடுக்கி, இந்த டிசம்பர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. ‘90 டிசம்பர்களில் இதைவிட மிகுதியாகப் பெய்தவை நான்கு மட்டுமே’ என்று எழுதினால் விவசாயிக்குப் புரியும், கணக்கிலும் பழுதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்துக்கு 1813 முதல் மழைப் பதிவு இருப்பதால் அங்கே இந்த முறைக்கு நல்ல வலு உண்டு. நவம்பருக்கான இயல்பு ஏறத்தாழ 350 முதல் 400 மி.மீ. வரும். 2015 நவம்பரில் அங்கே 1049 மி.மீ. பெய்தது. ஆனாலும் 1918 நவம்பரின் 1088 மி.மீ. முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. வெறும் 30 ஆண்டு அட்டவணையை வைத்திருப்பவர் 2015ஐ ‘வரலாறு காணாதது’ என்று எழுதியிருப்பார்.

பதில்: பாகைமானி

வெப்பநிலை பற்றி மட்டும் சொல்கிறேன். எண்கள் மாறுவதற்குக் காரணம் அடிப்படைக் காலம், அதாவது இயல்பைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் ஆண்டுகள். 2016ஆம் ஆண்டில் இந்தியாவின் சராசரி வெப்பநிலை, 1961 முதல் 1990 வரையான சராசரியை விட 0.91 பாகை செல்சியஸ் அதிகம் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் 1981–2010 காலத்தோடு ஒப்பிட்டபோது அது 0.71 ஆனது, 1991–2020 காலத்தோடு ஒப்பிட்டபோது 0.54 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டின் வெப்பம் மாறவில்லை. ஒப்பிடப்படும் காலம் வெப்பமடைந்துகொண்டே வந்ததால் விலக்கம் சிறுத்தது. 2024ஆம் ஆண்டின் விலக்கம் 0.65 என்ற அறிவிப்பைப் பார்த்து, 0.91ஐ விடக் குறைவாயிற்றே என்று வாதிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே அளவுகோலில் வைத்தால் 1901க்குப் பிந்தைய ஆண்டுகளில் 2024தான் முதலிடம். எனவே உங்கள் குறிப்பின் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் அடிப்படைக் காலத்தைத் தவறாமல் எழுதுங்கள். உலக வானிலை அமைப்பு நடப்புப் பயன்பாட்டுக்கு 1991–2020ஐயும், நீண்டகால மாற்றத்தை அளக்க 1961–1990ஐயும் பரிந்துரைக்கிறது. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

மழையைப் போலன்றி வெப்பநிலைக்கு விழுக்காடு அறவே பொருந்தாது, ஏனெனில் செல்சியஸ் அளவின் சுழி வெறும் ஒப்பந்தப் புள்ளி. பாகை விலக்கமே போதும். ஆனால் பகலின் உச்ச அளவையும் இரவின் தாழ்ந்த அளவையும் தனித்தனியே பாருங்கள். முகில் மூடிய மாதத்தில் பகல் குளிர்ந்தும் இரவு வெப்பமாகவும் இருக்கும். இரண்டின் சராசரியை எடுத்தால் ‘இயல்பு’ என்று வந்து நிற்கும். பயிருக்கு அந்த இரவு வெப்பம்தான் சுமை.

நிலையம் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். கடலுக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கமும் சற்று உள்ளடங்கிய மீனம்பாக்கமும் ஒரே நகரத்தில் இருந்தாலும் மே மாதப் பிற்பகலில் வேறுபட்ட அளவுகளைக் காட்டும். கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே நுழைகிறது என்பதே அந்த வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டின் பதிவுகளையும் ஒட்டுப்போட்டு ஒரே தொடராக்கினால், காலநிலை மாறாமலேயே ஒரு மாற்றம் தெரியும்.

வினாவைத் தொடர்ந்து: தேரிக்காடு

இருவருக்கும் நன்றி. எங்களிடம் இருப்பது வட்டாட்சியர் அலுவலக மழைமானியின் பதிவேடு மட்டுமே. வெப்பநிலைப் பதிவு எதுவும் இல்லை. வானிலைத் துறை நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு என்று இலவசமாக வழங்கும் கட்டத் தரவை இவற்றுக்கு மாற்றாகக் கொள்ளலாமா?

பதில்: கொரம்பள்ளம்

மழைக்கு மாற்றாக வேண்டாம், துணையாக வைத்துக்கொள்ளலாம். துறையின் அன்றாட மழைக் கட்டத் தரவு 1901இலிருந்து இருக்கிறது. ஒரு கட்டம் கால் பாகை அகலம், அதாவது ஏறத்தாழ 28 கி.மீ. நாடெங்கும் 6,955 நிலையங்களின் பதிவுகளிலிருந்து அது தயாரிக்கப்பட்டது. ஆனால் எல்லா நிலையங்களும் எல்லா ஆண்டுகளிலும் இயங்கியவை அல்ல. அருகருகே உள்ள நிலையங்களின் அளவுகளைக் கலந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் தருவதால், காயல்பட்டினத்தின் 95 செ.மீ. போன்ற உச்சம் அதில் மழுங்கிவிடும். வறட்சியைப் பார்க்க அது நல்ல கருவி, பெருமழைக்கு அவ்வளவாகப் பயன்படாது. வெப்பநிலைக் கட்டமோ ஒரு பாகை அகலமுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமும் உங்கள் கடற்கரையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். அதைவிடத் தூத்துக்குடி நிலையத்தின் மாத அளவுகளை எடுத்துக்கொள்வது நல்லது. பாளையங்கோட்டை நிலையமும் அதிகத் தொலைவில் இல்லை என்றாலும், அது உள்நாட்டு வெயில்; உங்கள் ஊருக்குப் பொருந்தாது.

பதிவேட்டைப் படிக்கும்போது தேதியில் கவனம் வேண்டும். காலை 8.30 மணிக்கு அளந்த மழை, அளந்த நாளின் பெயரிலேயே எழுதப்படும். டிசம்பர் 17 பகலிலும் இரவிலும் பெய்தது 18ஆம் தேதிக்குரிய வரியில் இருப்பது அதனால்தான். நவம்பர் 30 மாலை பெய்த மழையும் இதே முறையில் டிசம்பர் கணக்கில் சேர்ந்துவிடும். பழைய பதிவுகள் எல்லாம் இதே வழக்கத்தில் இருப்பதால் நீங்களும் மாற்ற வேண்டாம். ஆனால் நள்ளிரவுக்கு நள்ளிரவு கூட்டும் தானியங்கிக் கருவியின் அளவுகளை அதோடு கலக்காதீர்கள்.

பதில்: பாகைமானி

மழைக்கணக்கு சொன்ன நுங்கம்பாக்கப் பதிவில் இன்னொன்று இருக்கிறது. அங்கே ஒரே மாதத்தில் 1000 மி.மீ. தாண்டியது 1918 நவம்பர், 2005 அக்டோபர், 2015 நவம்பர், 2021 நவம்பர் ஆகிய நான்கு முறைதான். நான்கில் மூன்று 17 ஆண்டுகளுக்குள் வந்திருப்பதைத் தேரிக்காடு தம் குறிப்பில் சேர்க்கலாமே.

பதில்: மழைக்கணக்கு

சேர்க்கலாம், போக்கு என்று மட்டும் பெயரிட வேண்டாம். 200 ஆண்டுகளில் நான்கே நிகழ்ச்சிகள் என்றால், அவை தற்செயலாக நெருங்கி வந்தனவா, காரணத்தோடு வந்தனவா என்பதை அந்த எண்களை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. வெப்பமான காற்று ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்ற இயற்பியல் துணை நிற்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாதத்துக்குப் பல நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நிலையத்தின் ஒரு மாதத் தரவரிசை அந்தப் பாரத்தைத் தாங்காது.

தேரிக்காடு ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். அலுவலகப் பதிவேட்டில் வெறுமனே விடப்பட்ட கட்டங்கள் இருக்கும். சில ஆண்டுகளில் மழையில்லாத நாளுக்குக் கோடு போட்டிருப்பார்கள். சில ஆண்டுகளில் அளக்கவே ஆள் இல்லாமல் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். இரண்டையும் சுழி என்று தட்டச்சு செய்துவிட்டால், அளக்காத டிசம்பரெல்லாம் வறண்ட டிசம்பராகிவிடும், உங்கள் தரவரிசையின் அடிப்பகுதி முழுவதும் பொய்யாகிவிடும். ஒரு மாதத்தில் சில நாட்களே விடுபட்டிருந்தாலும் அந்த மாதத்தை வரிசையிலிருந்து நீக்கிவிட்டு, எத்தனை ஆண்டுகள் மிஞ்சின என்பதைக் குறிப்பின் தலைப்பிலேயே எழுதுங்கள்.