இறுவட்டில் புயல் முழங்குகிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை: உதவி தேவை

பரந்தன் வாசி கேட்கிறார்:

வணக்கம். கனடாவில் இருந்து வந்திருந்த சித்தப்பா ஓர் ஆங்கிலப் பட டிவிடி இறுவட்டைத் தந்துவிட்டுச் சென்றார். பெரும்புயல் ஓர் ஊரைப் புரட்டிப்போடும் நேரம் பார்த்து ஒரு கும்பல் பணப் பெட்டகத்தை உடைக்கிறது, கதை அவ்வளவுதான். மூளைக்கு வேலை வைக்காத இத்தகைய படங்களை நான் விரும்பிப் பார்ப்பவன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இறுவட்டு எந்த நாடுகளில் ஓடும் என்பதைக் குறிக்கும் டிவிடி வலய எண் கனடாவுக்கு 1, நமது இலங்கைக்கு 5 என்றாலும், ஐந்து ஸ்பீக்கர் செற்றோடு என்னிடம் உள்ள பிளேயர் எல்லா வலயங்களையும் ஏற்பதால் படம் தடையின்றி ஓடுகிறது. சிக்கல் ஒலியில்தான். வெடிப்பும் காற்றும் தகரக் கூரை அதிரும்படி வருகின்றன. பேச்சோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது. ஒலியைக் கூட்டினால் அடுத்த வெடிப்புக்கு அயல்வீட்டு நாய் குரைக்கிறது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது வந்த வெள்ளத்தைக் கண்ட அம்மா, இவ்வளவு தண்ணீருக்குள் லொறி எப்படி ஓடுகிறது என்று கேட்கிறார். அதற்குப் படத்தில் ஏதாவது விளக்கம் சொல்கிறார்களா என்பதுகூட எனக்குக் கேட்கவில்லை. இறுவட்டு பழுதா?

மல்லாவி வாசகர்:

இறுவட்டை மென்மையான துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கித் துடைத்துப் பாருங்கள். மற்றப்படி, இந்த வகைப் படத்தில் பேச்சு கேட்காதது பெரிய இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

மாங்குளம் திருத்துநர்:

துடைப்பதால் தீமை இல்லை, ஆனால் பழுது அங்கே இருக்காது, தம்பி. இறுவட்டில் கீறல் இருந்தால் படம் சதுரம் சதுரமாக உடையும், அல்லது உறைந்து நிற்கும். பேச்சை மட்டும் தெரிந்தெடுத்து விழுங்காது. இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். இதே செற்றில் தொலைக்காட்சிச் செய்தி தெளிவாகக் கேட்கிறதா? ஐந்து ஸ்பீக்கர்களும் உண்மையில் வேலை செய்கின்றனவா?

பரந்தன் வாசி:

செய்தியும் பாட்டும் தெளிவாகக் கேட்கின்றன, அண்ணா. நடு ஸ்பீக்கரின் வயரைப் போன மாரிக்கு எலி அரித்துவிட்டதால் அதைக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மாங்குளம் திருத்துநர்:

அதுவே காரணம். 5.1 என்று பதிவான ஒலித்தடத்தில் முன்புறம் இடம், வலம், நடு, பின்புறம் இரண்டு என ஐந்து வழிகளும், தாழ்ந்த அதிர்வுகளுக்கென்று தனியாக ஒரு வழியும் உண்டு. நடிகர்களின் பேச்சில் பெரும்பகுதி நடு வழியில்தான் இருக்கும். இடியும் வெடிப்பும் மற்ற வழிகளில் பரந்து கிடக்கும். நடு ஸ்பீக்கர் இருப்பதாக அம்பிளிபயர் இன்னமும் நம்பிக்கொண்டிருப்பதால், அலுமாரிக்கு மேல் இருக்கும் பெட்டிக்குப் பேச்சை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. செய்தி இரு வழி ஒலியில் வருவதால் இடத்திலும் வலத்திலும் குறையின்றிக் கேட்கிறது.

ஸ்பீக்கர் அமைப்புக்குள் சென்று 'சென்ரர்' (நடு) என்பதை 'நன்' (None, அதாவது இல்லை) என்று மாற்றுங்கள். பேச்சு இடத்துக்கும் வலத்துக்கும் பிரிந்து வரும். அப்படி ஒரு தெரிவு உங்கள் செற்றில் இல்லையென்றால், பிளேயரில் ஒலி வெளியீட்டை, எல்லா வழிகளையும் இடம், வலம் என இரண்டாகச் சேர்க்கும் 'ஸ்ரீரியோ டவுன்மிக்ஸ்' ஆக்கலாம். அதன் பிறகும் வெடிப்பு மிகையாக இருந்தால் 'நைற் மோட்' என்பதை இயக்குங்கள். அது உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும். பேரழிவுப் படத்துக்கு அது கொஞ்சம் உப்பில்லாத கறிதான், ஆனாலும் இரவில் அயலாருடன் உறவு நிலைக்கும்.

பரந்தன் வாசி:

'நன்' ஆக்கியதும் பேச்சு முழுமையாக வந்துவிட்டது, மிக்க நன்றி. லொறி பற்றிய அம்மாவின் கேள்விக்குப் படத்தில் ஒருவரும் விடை சொல்லவில்லை என்பதையும் அறிந்துகொண்டோம். நடு ஸ்பீக்கரை மீண்டும் பூட்டுவதென்றால் எந்த வயரை வாங்குவது?

மாங்குளம் திருத்துநர்:

சாதாரண இரட்டைச் செப்புக் கம்பி வயர் போதும். இரு முனையிலும் சிவப்பைச் சிவப்புக்கும் கறுப்பைக் கறுப்புக்கும் கொடுங்கள், பூட்டும்போது மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். சுவரோரம் பிவிசி குழாய்க்குள் விட்டால் எலிக்கு எட்டாது. பூட்டிய பின் 'சென்ரர்' அமைப்பைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.